பங்க் மாநாட்டுக்கு ஒரு மாம்பழம்

ஆரணிக்கு வாய்தான் எதிரி. பங்க் என்ற முரட்டு ராக் இசையையும் அதன் பண்பாட்டையும் ஆராய்கிறவர்கள் சம்பளம் இல்லாமல் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஒன்றில் அவள் பத்து வருடமாக இருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் மண்டபத்துக்குத் தொள்ளாயிரம் பவுண் கட்டாவிட்டால் இந்த வருட மாநாடே இல்லை என்று கூட்டத்தில் சொன்னார்கள். சும்மா இருந்திருக்கலாம். "லண்டன் ஈஸ்ட் ஹாமில ஒரு கச்சேரி வைப்பம், எங்கட சனம் அள்ளிக் குடுக்கும்" என்று பொறுப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். மாநாடு நின்றால், கட்டுரை எழுதிவைத்துக் காத்திருக்கும் முப்பது மாணவர்களுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் சனம் என்னவோ நிறையத்தான் வந்தது. பச்சைத் தலைமுடிக்காரரும் பட்டுச்சேலைக்காரரும் ஒரே வரிசையில் நின்று மட்டன் ரோல்ஸ் வாங்கினார்கள். டிக்கெட் வைப்பது பங்க்காரரின் கொள்கைக்கு ஒத்துவராது; விரும்பியதைப் போடுங்கள் என்று வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். டிக்கெட் இல்லையென்றால் இலவசம் என்று எங்கள் சனம் எடுத்துக்கொண்டது. மூன்று குழுக்கள் கூரை அதிர வாசித்து முடித்தபோது பெட்டியில் இருநூற்றுப் பதினான்கு பவுண். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆரணியின் முகத்தில் ஈயாடவில்லை.

அதைக் கண்டுவிட்டார் குகநாதன், அவளுடைய கணவனின் தமையன். கோயில் திருவிழாவில் இருபது வருடமாக ஏலம் கூறுகிறவர், மைக்கைக் கண்டால் விடமாட்டார்.

"எவ்வளவு குறையுது, பிள்ளை?"

"எழுநூறு மட்டில, அத்தான்."

வரும் வழியில் வாங்கிய பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினார்.

ஏலத்தில் எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுப் பழத்தைத் திரும்பவும் ஏலத்துக்கே விடுவது கோயில் வழக்கம். அப்படியே அது நாலு தரம் கைமாறி, முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஐந்தாம் தரம் பீற்றர் எடுத்தார். அந்த அமைப்பில் தலைவர் என்று ஒருவரும் இல்லை; இருந்தால் அது பீற்றர்தான். கிற்றார் வாசித்துக் களைத்த மனிதர், எண்பது பவுணைக் கொடுத்துவிட்டு, பழத்தைத் தோலோடு ஒரு கடி கடித்தார்.

வழக்கத்தை அவருக்குச் சொல்லிவைக்க ஆரணி மறந்துபோயிருந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் பீற்றர் காதுவரை சிவந்து, சாறு வழியும் பழத்தை இரண்டு கையாலும் திருப்பி நீட்டினார்.

குகநாதன் அதை வாங்கி ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"இது கடிச்ச மாம்பழம். லண்டன் முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒண்டு கிடையாது. நூறில தொடங்குவம்."

சிரிப்பு அடங்கவே நேரமெடுத்தது. பிறகு பட்டுச்சேலை ஒன்று நூற்றைம்பது என்றது. பச்சைத் தலைமுடிப் பெண்கள் ஐந்து பேர் பைகளைக் கவிழ்த்துக் காசு சேர்த்து அதை முந்தினார்கள். "ஒருதரம், ரெண்டுதரம்" என்று மண்டபமே சேர்ந்து கத்தியது. வென்ற பெண்கள், யாரும் கேட்காமலே, பழத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த சுற்றில் மொத்தக் காசு தொள்ளாயிரம் தாண்டியது. ஆரணி சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பீற்றர் குகநாதனின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் ஏதோ மன்றாடினார். இந்த ஏல முறையைப் பற்றி மாநாட்டில் வந்து பேச வேண்டுமாம்.

குகநாதன் ஆரணியின் பக்கம் திரும்பினார். "பேசினால் என்ன தருவினம்?"

"ஒண்டும் தராயினம், அத்தான். ரெயின் காசும் எங்கடதான். அங்க எல்லாரும் சும்மாதான் வேலை செய்யினம்."

"பிறகு சனத்திட்ட ஏச்சும் வாங்குவியளோ?"

"ஓம். ஒவ்வொரு வருசமும்."

"அப்ப இதுவும் எங்கட கோயில் வேலை மாதிரித்தான்" என்ற குகநாதன் போனை எடுத்துக் கலண்டரைத் திறந்தார். "எத்தினையாம் திகதி?"