சுவருக்கு வெளியே ஜொஹரா பீவி

உப்பங்கழியை இஸ்மாயில் ஒருநாளும் நம்பியதில்லை. காலையில் எங்கோ கிடக்கும் தண்ணீர் மதியம் காலடியில் வந்து நிற்கும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து போகிறவனை யாராவது வீட்டில் சேர்ப்பார்களா? கிள்ளைக்குக் கிழக்கே அவர் ஊர் இடுகாடான கபரஸ்தானை அந்தக் கழி வருஷா வருஷம் கரைத்துத் தின்றுகொண்டிருந்தது. பழைய கபர்கள் சில ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றில் கரையை ஒட்டிக் கிடப்பது அவர் மனைவி ஜொஹரா பீவியின் கபர்.

அதனால்தான் சுவர் வேண்டும் என்று ஜமாஅத் கூட்டத்தில் கத்தினார். படிப்பு இல்லாத மனிதர். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியே காலத்தைத் தள்ளியவர். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. மனுஷன் எதற்கு ஊர் கட்டினான் என்று எழுந்து நின்று கேட்டார். பஸ் விடவா, கரண்ட் இழுக்கவா? செத்தவனை நரி தோண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் முதன்முதலில் நாலு பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்தார்கள். அதைக்கூடச் செய்யத் துப்பில்லை என்றால் எதற்கு ஊர், எதற்குக் கமிட்டி? கமிட்டிச் செயலாளர் அவருடைய மகன் ஹாமித்தான். வாப்பா மானத்தை வாங்குகிறாரே என்று தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் அலைந்து திரிந்து வேலைக்கு ஏற்பாடு செய்தான். சிதம்பரத்திலிருந்து மணவாளன் மேஸ்திரி வந்து முளை அடித்துக் கயிறு கட்டினார்.

கயிறு நேராக ஒரு மரத்தில் போய் முட்டியது.

அந்த மரம் அங்கே வந்ததே கைத்தவறு. ஜொஹரா கொரோனா ஊரடங்கில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். குழியை மூடியதும் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொம்பு நட வேண்டும். அது பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்காக இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும் என்பது நம்பிக்கை. வழக்கமாக மருதாணிக் கொம்பு வைப்பார்கள். அன்றைக்கு அதை ஒடித்துவர ஆளில்லை. கரையில் முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாக ஏதோ கிடந்தது. இஸ்மாயில் எடுத்துக் குத்திவைத்தார். அது கொம்பு இல்லை, சேற்றில் குத்தி நின்றால் அப்படியே முளைத்துவிடும் சுரபுன்னைக் காய். கழிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதருக்கு எது கொம்பு, எது காய் என்று என்ன தெரியும்? மற்ற கபர்களில் வைத்த மருதாணியெல்லாம் உப்பில் கருகிப்போக, இது மட்டும் வேர்விட்டது. இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நின்று, இடுப்பிலிருந்து வேர்களை வளைத்து வளைத்து இறக்கி, கபரைச் சுற்றிக் கால் ஊன்றியிருந்தது.

“வெட்டிடலாம் பாய்,” என்றார் மணவாளன். “சிதம்பரமே தில்லக்காட்ட வெட்டித்தான கட்டுனாங்க. இது ஒத்த மரம்.”

“கட்டுனவன் எவனாச்சும் இன்னிக்கு இருக்கானா?”

சும்மா எதிர்த்துப் பேசும் பழக்கம். உண்மையில் வெட்டச் சொல்லத்தான் வந்திருந்தார். வேர் கபருக்குள் இறங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. மதியத் தொழுகை லுஹரைத் தொழுதுவிட்டு வருகிறேன், அதுவரை கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். இஸ்மாயில் மர நிழலில் உட்கார்ந்தார். கடல் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் வேர்களுக்கு நடுவே நுழைந்தது. சின்ன நண்டு ஒன்று அவர் செருப்பில் ஏறி நின்று யோசித்தது. கண் சொருகியது.

தூக்கம் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் மேற்கே நடந்து போனது, அவரும் பின்னாலேயே போனார். சிதம்பரம் மேல வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. யாரும் ஓடவில்லை. கடைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு, கோபுரம், பள்ளிவாசல் மினாரா எல்லாவற்றுக்கும் இடுப்பிலிருந்து வேர் இறங்கியிருந்தது. ஊரே சேற்றில் கால் ஊன்றி மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. மீன்கள் வாசற்படி ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. யாரும் விரட்டவில்லை, பிடிக்கவும் இல்லை. கடலூர் ரோட்டில் அவருடைய டிராக்டர் கரும்புச் சுமையோடு தானாக மிதந்து வந்தது. சுமையின் மேல் ஜொஹரா உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வா, சுவர் கட்டப் போகிறோம் என்றார்.

அவள் சக்கையைத் துப்பினாள். “அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வைங்கன்னு காலமெல்லாம் கேட்டேன். திருடன் வருவான்னீங்க. எந்தத் திருடன் வந்தான்? பொகதான் ஜாஸ்தியா வந்துச்சு. இப்பத்தான் காத்து வாங்குறேன். இதையும் அடைக்கப் போறீங்களா?”

“தண்ணி ஒன்ன இழுத்துக்கிட்டுப் போயிடும்.”

“அது தெனம் வருது, பாத்துட்டுப் போயிடுது. நீங்கதான் வெள்ளிக்கெழம மட்டும் வர்றீங்க.”

ஈரம் பட்டு விழித்தார். கைலி நனைந்திருந்தது. தண்ணீர் கபரின் விளிம்புவரை வந்து, வேர்களுக்குள் சேற்றை இறக்கிவைத்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கரை சரிந்து கிடக்க, மரம் நின்ற இடத்தில் மட்டும் மண் நாக்கு நீட்டியதுபோல் முன்னால் நீண்டிருந்தது. இதை அவர் இதுவரை பார்க்காமல் இல்லை. நம்பவில்லை, அவ்வளவுதான். இப்போதும் முழுசாக நம்பவில்லை. மரத்தை நம்ப முடியாது, தண்ணீரை நம்ப முடியாது, மணவாளன் சிமென்டில் எவ்வளவு மணல் கலப்பார் என்பதும் தெரியாது.

எழுந்து போய் முளையைப் பிடுங்கினார். உள்பக்கமாக நடந்து வந்து, ஜொஹராவின் கபர் வெளியே நிற்கும்படி அதை அடித்தார்.

சாப்பிட்டுத் திரும்பிய மேஸ்திரி போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஹாமித் பைக்கில் பறந்து வந்தான்.

“உம்மாவ வெளிய தள்ளிட்டு மத்தவங்களுக்குச் செவுரா? நரி வரும்னு ஊரக் கூட்டிக் கத்துனது நீங்கதான வாப்பா?”

“நான்தான்.”

“நாளைக்கு ஒரு பொயல்ல கபரு போயிடுச்சுன்னா?”

அதே பயம்தான் அவருக்கும். கனவைச் சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

“மத்தவங்க பொண்டாட்டி என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. அவுங்களுக்குச் செவுரு இருக்கட்டும். ஒங்க உம்மா காத்து கேட்டா. போனாலும் மூச்சு முட்டாமப் போகட்டும்.”

ஹாமித் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மணவாளன் கயிற்றின் வழியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“பாய், அம்மா பக்கத்துல ஒங்களுக்குன்னு எடம் சொல்லி வச்சிருந்தீங்களே, செவுரு அதுக்குக் குறுக்கால வருது.”

இஸ்மாயில் குனிந்து பார்த்தார். பாதி உள்ளே, பாதி வெளியே. முளையை மறுபடியும் பிடுங்கினார்.

“அதையும் வெளிய விடு.”

ஹாமித் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி, கயிற்றின் மறுமுனையைப் போய்ப் பிடித்துக்கொண்டான்.

“இழுத்துப் புடி,” என்றார் இஸ்மாயில். “தொங்குது.”