வெரோனா மிஸ்ஸின் டொமினோ மேசை

"சொல்லாம வைக்கக்கூடாது மாமா, எடுங்க" என்று மிஸ்ஸிடம் படித்த டெவின் அந்த டொமினோ கட்டையை லாயிட் மாமாவின் கையிலேயே திருப்பித் திணித்தான்.

ஈரப்பலா மரத்தடியில் மிஸ்ஸுக்கான குழி பாதி ஆழம் போயிருந்தது. முதலில் மண்ணுக்கு ரம் ஊற்றிவிட்டு, முறை வைத்துத் தோண்டினார்கள். களைத்தவர்கள் மேசைக்கு வந்தார்கள். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. ஜமைக்காவில் குழி வெட்டும் நாளன்று ஊர் அமைதியாக இருந்தால் இறந்தவருக்கே பிடிக்காது.

வெரோனா மிஸ் போன வாரம் வகுப்பிலேயே மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். கைநீட்டத் தெரியும், மனதைச் சொல்லத் தெரியாது என்றிருந்த பையன்களையெல்லாம் பள்ளியில் அவரிடம்தான் அனுப்புவார்கள். அவர் பாடமே டொமினோதான். உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் கட்டை வைக்க வேண்டும். முடியாவிட்டால் மேசையைத் தட்டி முறையை விட்டுவிடலாம். ஏனென்று யாரும் கேட்கக்கூடாது.

மிஸ்ஸின் அண்ணனான லாயிட் மாமாவுக்கு இது புதுசு. "எரிச்சலா இருக்குடா! உங்க மேலதான்!"

"அருமை மாமா. எங்க எரியுது? நெஞ்சுலயா, வயித்துலயா?"

"வயித்துல. ரம் தீந்துபோச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுப்புப் புகைடா" என்றார். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டுத்தலை சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த மிஸ்ஸின் மகள் நடீன் மட்டும் குழியையே பார்த்தாள். தம்பி ஒனீல் மண்வெட்டியை யாருக்கும் தராமல் வெட்டிக்கொண்டிருந்தான். அம்மா விழுந்ததிலிருந்து அவன் வாயில் ஒரு வார்த்தை இல்லை. அப்பா வீட்டைவிட்டுப் போனபோதும் இப்படித்தான் இருந்தான். கடைசியில் சுவரைக் குத்தி விரலை உடைத்துக்கொண்டான். இந்த முறை எதை உடைப்பானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஊர்ப்பிள்ளைகளைப் பேச வைத்த அம்மாவின் மேசையில் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

மாமா அவனைக் குழியிலிருந்து கைகொடுத்து மேலே இழுத்து, மேசையில் பிடித்து உட்கார வைத்தார். முறை வந்தது. தட்டினான். மறுபடி வந்தது. தட்டினான்.

டெவின் எட்டிப் பார்த்தான். "டேய், கை நிறைய வைக்கக்கூடிய கட்டையா வச்சிருக்கான்டா!"

"நீ உன் கையப் பாரு" என்றார் மாமா.

மூன்றாவது முறையும் தட்டத்தான் ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அம்மா மேல கோவமா இருக்கு" என்றான் ஒனீல். "உங்க எல்லாருக்கும் உக்காந்து சொல்லிக்கொடுத்தாங்க. நான் வீட்லயேதான இருக்கேன், அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். அவங்களும் விட்டுட்டாங்க."

அவன் கட்டையை மெதுவாக வைத்தான்.

நடீனுக்கு அப்பாடா என்றிருந்தது. கரண்டியை வேகவேகமாகச் சுழற்றினாள். ஒனீல் எழுந்து அவளிடம் வந்தான்.

"அக்கா, நீ போய் உக்காரு."

"நான் எதுக்குடா? சூப் அடிபிடிச்சிடும்."

"நான் பாத்துக்கறேன். போ."

அவள் உட்கார்ந்தாள். டெவின் ஏழு கட்டைகளை அவள் பக்கம் தள்ளினான். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஒரு கட்டையைக் கையிலெடுத்து வாயைத் திறந்தாள்.

ஒனீல் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எப்போதோ வெந்துவிட்ட சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான்.