இன்னும் ஒரு மிடறு

பெற்றோல் அடித்தால் என் கார் மூர்ச்சை போட்டுவிடும். மற்ற நேரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உயிலங்குளத்திலிருந்து மன்னார் ரவுனுக்கு ஓடி வரும், பெற்றோல் செட்டில் வயிறு நிறையக் குடிக்கும், பிறகு திறப்பைத் திருகினால் இருமி, நடுங்கி, நின்றுவிடும். பின்னால் நிற்பவர்கள் கோர்ன் அடிப்பார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் புருசனைத் திட்டுவேன்.

"வாங்கேக்க பார்த்து வாங்கத் தெரியாதே உங்களுக்கு? இப்ப வந்து தள்ளுங்கோவன்!"

சிவராசா போன மாரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். தள்ள வரமாட்டார் என்று எனக்கும் தெரியும்.

தம்பி கபிலன் விடாப்பிடியாக நின்றான். "வித்துப்போடுங்கோ அக்கா. நடுறோட்டில நிண்டால் லொறிக்காரன் அடிச்சுப்போட்டுப் போவான்." இலுப்பைக்கடவையில் ஆளும் பார்த்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வருவாராம். எனக்கு விற்க மனமில்லை. டிரைவர் சீற்றில் சிவராசா இருந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதற்குள் ஒரு குசனைப் போட்டு ஏறியிருந்துதான் ஓட்டுகிறேன்.

முதல் பார்த்த கராச்சில் பிளக் மாற்றினார்கள், பம்ப் மாற்றினார்கள், கடைசியில் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலப்படம் என்று கையை விரித்தார்கள். மண்ணெண்ணெய் மணம் எனக்குத் தெரியாதா? நான் காதலித்ததே மண்ணெண்ணெய்ப் புகைக்குள்தான். சண்டையால் எங்கள் பக்கம் பெற்றோல் வராத தடைக்காலம் அது. சிவராசாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடும். ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோல், மருந்துப் போத்தலில் சேட்டுப் பொக்கற்றுக்குள் இருக்கும். குளக்கட்டில் புகை முதலில் வரும், ஆள் பிறகு வருவார். "நுளம்புக்கு மருந்தடிக்கிறவன் வாறான்" என்பா அம்மா. டாங்கி காய்ந்துவிட்டால் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக் குலுக்குவார். "பொறும், இன்னும் ஒரு மிடறு இருக்கும்." அந்த மணத்துக்கு என் நெஞ்சு இப்போதும் அடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை, கடைசி முயற்சியாக, பள்ளிமுனைப் பக்கம் கராச் வைத்திருக்கும் வஸீரிடம் போனேன். அவர் பொனற்றைத் திறக்க முன்னம் என் வாயைத் திறக்க வைத்தார்.

"எண்ணெய் அடிச்ச கையோட மட்டும்தானோ இந்த வருத்தம்?"

"ஓம்."

"பெற்றோல் மணக்குமோ?"

"மூக்கைப் பிளக்கும்."

எஞ்சினோடு ஒட்டி ஒரு சின்ன வால்வு இருந்தது. காரின் பின்பக்கத்திலிருந்து அதற்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓட ஓட, வால்வின் வாயில் என்னை விரல் வைக்கச் சொன்னார். பால்குடிப் பிள்ளை சூப்புவதுபோல் விரலை இழுத்தது.

"இது இப்ப இழுக்கக் கூடாது அக்கா, பூட்டியிருக்க வேணும். டாங்கியில எழும்புற ஆவியைப் பின்னால ஒரு கரிப்பெட்டி பிடிச்சு வைக்கும். ஓடேக்க இந்த வால்வு அதைக் கொஞ்சம் கொஞ்சமா எஞ்சினுக்குக் குடுக்கும். இது திறந்தபடியே நிக்குது. எண்ணெய் அடிச்ச உடன ஆவி எல்லாம் ஒண்டா வந்து எஞ்சினுக்கு மூச்சு முட்டுது."

வால்வைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். கரித்தூள் கொட்டியது.

"கரிப்பெட்டிக்குள்ள பெற்றோலே போயிருக்கு. செட்டில பம்ப் கட் ஆன பிறகும் அடிக்கிறனீங்களோ?"

"பின்ன? காரை ஆட்டி ஆட்டி, டாங்கியின்ர கழுத்து வரைக்கும் அடிப்பம்" என்றேன், பெருமையாக.

"ஏன் ஆட்டுறனீங்கள்?"

"இது தெரியாதே? தடைக்காலத்தில நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"புத்தளத்தில, அக்கா. எங்கட முஸ்லிம் சனத்தைத்தான் இயக்கக்காரர் தொண்ணூறிலேயே ஊரை விட்டு அனுப்பிப்போட்டாங்களே."

பிறகு மெல்லச் சொன்னேன். கார் வாங்கிய பிறகும் பெற்றோல் கிடைக்காமல் போகுமென்ற அந்தப் பயம் சிவராசாவை விடவில்லை. பம்ப் டக்கென்று நின்றதும் இறங்கிப்போய்ப் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவார். "இன்னும் ஒரு மிடறு குடிக்கும்." நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசம் செட்டில் எல்லோரும் அவரைப் பார்த்துத் தங்கள் வண்டிகளையும் ஆட்டினார்கள். அவர் போனபின் நான் ஆட்டுகிறேன்.

வஸீர் சிரிக்கவில்லை. "இந்தக் காருக்கு அது செமிக்காது. கட் ஆனால் விட்டிடுங்கோ" என்று மட்டும் சொல்லி, வால்வையும் கரிப்பெட்டியையும் மாற்றித் தந்தார்.

கபிலனுக்கு போன் எடுத்தேன். "அந்த ஆளை வரவேண்டாம் எண்டு சொல்லு."

"என்ன பிழையாம்?"

"அத்தான்ர பழக்கம்."

அடுத்த முறை செட்டுக்குப் போனபோது பம்ப் டக்கென்று நின்றது. எங்களோடு பழகிய பம்ப்காரர் வழக்கம்போல் பின்பக்கத்தில் கை வைத்துவிட்டார்.

"ஆட்டட்டோ அக்கா? இன்னும் ஒரு மிடறு குடிக்கும்."

அவர் சிவராசாவிடம் படித்த வசனம். கையைக் காட்டி மறித்தேன். "வேண்டாம் அண்ணை. போதும்."

திறப்பைத் திருகினேன். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. ஒருவரும் கோர்ன் அடிக்கவில்லை. வழக்கமாகத் திட்டுகிற இடம், திட்ட ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. வெறும் வாயோடு வெளிக்கிட்டேன்.

பாலம் தாண்டும்வரை அடக்கிக்கொண்டு வந்தேன். பிறகு ஓரமாக நிப்பாட்டி, எஞ்சினை ஓடவிட்டபடி அழுதேன்.

"நல்லாத்தான் பார்த்து வாங்கியிருக்கிறீங்கள்" என்றேன்.