பாதி வெட்டும் கதிரை

நான் வேலை பார்த்த பிரதேசச் செயலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்சன் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. நன்றாகத் தூங்குகிற நாயை ஏன் காலால் தட்டுவான்? மலைப்பக்கத்து ஒபிஸ், மழைக்காலத்தில் மேசை லாச்சிக்குள் தவளை குடித்தனம் நடத்தும், அவ்வளவுதான். கோப்புகள் அடுக்கியிருந்த அலுமாரியின் மேல் ஏறி நின்றால் கொழும்புத் துறைமுகம் தெரியும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேர் ஏறியும் பார்த்தார்கள்.

அந்த ஒபிசில் இருபத்தெட்டு வருடம் திட்டமிடல் மேசை என்னுடையது. எங்கள் பகுதியில் புதிதாக எத்தனை பேருக்குத் தொழில் கிடைத்தது, எத்தனை பேர் தொழிலில் நிலைத்திருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எழுதிக் கண்டியில் இருந்த மேல் ஒபிசுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது கொழும்புக்குப் போகும்.

மேல் ஒபிசில் முத்துலிங்கம் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். அவருடைய சிவப்புப் பென்சிலுக்கு மாவட்டமே நடுங்கும். அவர் அங்கே வந்த பிறகு முதல் தடவை நான், காளான் வளர்ப்போர் நாற்பது பேர் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். கொழும்புக்கு இருபது என்று போயிருந்தது. பஸ் ஏறிப்போய்க் கேட்டேன்.

"லாபிர், கோவிக்காதையும். எல்லாப் பிரதேசமும் ரெட்டிச்சுத்தான் அனுப்புது. நான் பாதியா வெட்டாட்டி கொழும்பில என்னைப் பார்த்துச் சிரிப்பினம்."

"நான் உண்மையத்தானே எழுதின?"

"அதுதான் நீர் விட்ட பிழை. அடுத்த முறை வடிவா ரெட்டிச்சு அனுப்பும். நானும் வடிவா வெட்டுறன். சரியான கணக்குப் போய்ச் சேரும்."

பதினொரு வருடம் அப்படித்தான் நடந்தது. இரண்டு பொய்யர்கள் கைகோத்து ஓர் உண்மையைக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இது எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை, யாரும் யாருக்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கோ பிறவியிலேயே ஒரு பூனையைப் பார்த்தால் புலிக்கூட்டம் என்று சொல்லும் வாய். சம்பளம் தந்து பொய் சொல்லச் சொன்னால் கசக்குமா?

அந்தக் காலத்தில்தான் சந்திரிகா எங்கள் ஒபிசுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவளின் மகள். குடை பிடித்துக்கொண்டு நடந்தால் குடைதான் நடக்கிறது என்று நினைக்கும்படி மெலிவு. பன்விலப் பக்கத்துத் தோட்டத்தில் பாழடைந்து கிடந்த கொழுந்து மடுவத்தை, ஒரு காலத்தில் கொழுந்து நிறுத்த அந்தத் தகரக் கொட்டிலை, தையல் நிலையமாக்க வேண்டும் என்றாள். ஒபிஸ் முழுக்கச் சிரித்தது. நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

தோட்டத்துத் துரையிடம் மடுவத்தைக் கேட்டு அவள் ஏறி இறங்கியதில் பங்களாப் படி ஓர் அங்குலம் தேய்ந்துவிட்டது. பல்லேகலையில் ஒரு சட்டைத் தொழிற்சாலை கேற்றில் அவள் நின்ற நாட்களை எண்ணி முடியாது. கேற்றுக் காவலாளி தன் மகளின் கலியாணத்துக்கே அவளை அழைத்திருந்தான். கடைசியில் தொழிற்சாலைக்காரர்கள் கொலர் தைக்கும் வேலையை மடுவத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் திட்டத்திலிருந்து முப்பத்தொரு மெசின் வந்தது. முப்பத்தொரு பெண்கள் வந்தார்கள். இப்போது சொல்லும் இந்த எண்ணில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

அவர்களுக்குத் தலைவி அங்கம்மா. குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை பார்த்துத் திரும்பியவள். ஊரில் கொழுந்து பறிக்கப் போகாதவர்களுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று குவைத்து, மற்றது விடியற்காலை நாலரைக்குப் பன்விலையிலிருந்து பல்லேகலைக்கு நெரிந்துகொண்டு போகும் பஸ். பிள்ளை எழும்ப முன் போய், பிள்ளை படுத்த பின் வர வேண்டும். மடுவத்துக்கு லயத்து வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மத்தியானம் ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு கொடுக்கலாம்.

"சேர், இனி என்னைய யாராச்சும் ஏரோப்பிளேன்ல ஏத்தணும்னா பொணமாத்தான் ஏத்தணும்" என்றாள் அங்கம்மா திறப்பு விழாவன்று.

"பொணத்துக்கு டிக்கட் விலை இன்னும் கூட மகள்" என்றேன். மடுவமே சிரித்தது.

மூன்று வருடம் கொலர் தைத்தார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒவ்வொரு மெசினுக்கும் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். வெள்ளையும் நீலமுமாக வரிசையாகப் பார்த்தால் பாடசாலைப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும்.

கெட்டிக்காரியை ஓரிடத்தில் இருக்க விடுவது எங்கள் உத்தியோகத்தில் வழக்கமில்லை. முத்துலிங்கம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அவருடைய கதிரைக்குச் சந்திரிகாவைப் போட்டார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஒருத்தி அந்தக் கதிரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மடுவத்தில் பாயசம் காய்ச்சினார்கள்.

"நான் மேல போனா ரெண்டாவது மடுவமும் தொறந்து தருவேன் அக்கா" என்று அங்கம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். இனிமேல் நிலையத்தின் கணக்கை அங்கம்மாவே எழுதி எனக்கு அனுப்புவாள் என்று ஏற்பாடு.

செப்தெம்பர் கணக்கு வந்தது. முப்பத்தொன்று என்று அங்கம்மா எழுதியிருந்தாள். பழக்கத்தில் அறுபத்திரண்டு என்று எழுதிக் கண்டிக்கு அனுப்பினேன். அந்தக் கதிரையில் உட்காருகிறவருக்குப் பாதி வெட்டும் கை தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். முத்துலிங்கம் சொல்லிக் கொடுத்திருப்பார் என்றும் நினைத்தேன். அவரோ நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறார்.

நான்கு நாள் கழித்து ஒபிஸ் போன் அடித்தது.

"சேர்! நெசமாவா சேர்? அறுபத்திரெண்டா?" சந்திரிகாவின் குரல் ஒயருக்குள் நிற்க இடமில்லாமல் துள்ளியது. "நான் வந்து மூணு மாசந்தானே ஆச்சு. மெசின் முப்பத்தொண்ணுதானே இருக்கு. ரெண்டு ஷிப்ட் போட்டுட்டாங்களா?"

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இவளுக்கு வெட்டும் வித்தையை யாரும் சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும்.

"போட்டாலும் போட்டிருப்பாங்க மகள். அங்கம்மாட ஆக்கள்தானே" என்றேன்.

"நான் இல்லாமலே செஞ்சிட்டாங்க பாருங்க சேர்" என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாள்.

அத்தனை சந்தோசத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? அதுவும் என்னால் வந்த சந்தோசம். அடுத்த தடவை குறைத்து எழுதிச் சரிக்கட்டிவிடலாம் என்று போனை வைத்தேன். அன்று முழுவதும் எனக்கு நல்ல குஷி. கன்ரீனில் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

அறுபத்திரண்டு வெட்டுப்படாமல் அப்படியே கொழும்புக்குப் போனது. கொழும்புக் கடிதம் ஒன்று எங்கள் மலைக்கு ஏறி வர ஒரு மாமாங்கம் ஆகும். அந்தக் கடிதம் மட்டும் பதினேழு நாளில் வந்தது. ஐம்பது பேரைத் தாண்டிய நிலையம் சொந்தக் காலில் நிற்பதாகக் கருதப்படும். அதற்குக் கொடுத்த மெசின்களை எடுத்துப் புதிய ஊருக்குக் கொடுக்க வேண்டும். பன்வில நிலையத்துக்கு வாழ்த்து. லொறி வரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்.

அந்த விதி வந்த சுற்றுநிருபத்தைத் தேடினேன். அதே வருடம் ஏப்ரலில் வந்திருந்தது. சிங்களத்தில் பதினொரு பக்கம். ஓரத்தில் "பார்த்தேன்" என்று என்னுடைய கையெழுத்து இருந்தது.

அன்றே கண்டிக்குப் போனேன். சந்திரிகா அதே கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டு ஷிப்ட் நடக்கும் இடத்தில் மெசினைப் பிடுங்கக் கூடாது என்று மறுப்பு எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரெட்டிக்கிறது, வெட்டுகிறது, பதினொரு வருடம், எல்லாவற்றையும். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்ப அங்க எத்தன பேரு சேர்?"

"முப்பத்தொண்டு."

"நான் போன் பண்ணுனப்பவும் முப்பத்தொண்ணுதானா?"

"ஓ."

"அப்ப ஏன் சேர் சொல்லல?"

"நீங்க சந்தோசமா இரிந்தீங்க மகள்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வாவிப் பக்கம் மழை பெய்து எல்லாம் ஒரே சாம்பலாகக் கிடந்தது.

"எத்தன மாசம் சேர் உங்களுக்கு இன்னும்?"

"அஞ்சு. பென்சன் பேப்பரெல்லாம் போயிட்டு."

ஒரு புதுத் தாளை எடுத்தாள். எண்ணைச் சரிபார்க்காமல் அனுப்பியது மேல் ஒபிசின் தவறு, உண்மையில் முப்பத்தொரு பேர்தான் என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். குடுங்க மகள், நான் போடுறன் என்று பேனைக்குக் கை நீட்டினேன். இல்லை, இதிலும் பெருப்பிக்கிறேன். கை நீட்டவில்லை. சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

கொழும்பிலிருந்து பதில் அதைவிட வேகமாக வந்தது. மூன்று வாரத்துக்குள் அறுபத்திரண்டு பேர் முப்பத்தொன்றாகக் குறைந்திருக்கும் நிலையம் வீழ்ச்சியடைந்துகொண்டிருக்கிறது. வீழ்ச்சியடையும் நிலையத்தில் அரசாங்கச் சொத்தை விட்டுவைக்க முடியாது. மெசின்களை உடனே எடுக்கவும்.

அறுபத்திரண்டு என்றாலும் எடுப்பார்கள், முப்பத்தொன்று என்றாலும் எடுப்பார்கள். இப்படியொரு கணக்கை என்னாலேயே கற்பனை செய்திருக்க முடியாது. சந்திரிகா நேரே கொழும்புக்குப் போனாள். இரண்டு நாள் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ஓர் அதிகாரி கூப்பிட்டுக் கேட்டாராம்: "உங்களுடைய மாவட்டத்தில் இதுவரை வந்த எண்களில் எது சரி?" அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பென்சன் இல்லாமல் போயிருப்பேன். முத்துலிங்கத்தையும் ஊரிலிருந்து இழுத்து வந்திருப்பார்கள்.

லொறி வந்த நாளில் மழை. சந்திரிகா முன்னாலேயே வந்து மடுவத்து வாசலில் நின்றாள். பாரம் தூக்க வந்தவர்கள் முதல் மெசினைத் தூக்கிய தூக்கில் அங்கம்மா கத்தினாள்.

"டேய், மொள்ளடா! அது என்ன உங்கப்பன் வீட்டு மூட்டையா? தள்ளுங்க, நாங்களே ஏத்துறோம்."

முப்பத்தொரு பெண்களும் தங்கள் தங்கள் மெசினைத் தாங்களே தூக்கினார்கள். மழை படக்கூடாது என்று உறைகளைப் போட்டே ஏற்றினார்கள். இளையவள் றம்லத் மட்டும் தன் மெசினின் உறையைக் கழற்றிக்கொண்டு போகப் பார்த்தாள்.

"போடு புள்ள. எங்க போனாலும் அது துரு புடிக்காம இருக்கட்டும்" என்றாள் அங்கம்மா.

பிறகு சந்திரிகாவிடம் வந்தாள். அவள் திட்டுவாள் என்றுதான் நான் நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டாவது மடுவம் தொறக்கப் போறேன்னு சொன்னீங்களே மிஸ்."

"என் தப்புதான் அக்கா" என்றாள் சந்திரிகா. "நான் எண்ணிப் பாக்கல."

நான் அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, குடைக்குள் நின்றேன். யாருக்கும் என்னைக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. லொறி வளைவில் திரும்பும்போது உறைகளின் நீலம் கொஞ்ச நேரம் தெரிந்தது.

எண்களில் கவனமற்றவர் என்று சந்திரிகாவின் கோப்பில் எழுதி, மின்னேரியாப் பக்கம் மாற்றினார்கள். அங்கே இன்னும் உதவி உத்தியோகத்தராகவே இருக்கிறாள் என்று கேள்வி. எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று தந்து, "துல்லியமான தகவல்களுக்குப் பெயர் போன லாபிர் அவர்கள்" என்று செயலாளர் பேசினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது என்று வீட்டில் வந்து சொன்னேன். ஐந்தாறு பேர் தட்டினார்கள்.

போன வருடம் உறவில் ஒரு கலியாணத்துக்காகப் பன்விலைக்குப் போய் இரவு தங்கிவிட்டு, விடியவே கண்டிக்குத் திரும்பலாம் என்று பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பல்லேகலை பஸ் கிளம்ப நின்றது. மூடிய கண்ணாடியைத் தள்ளி ஒருத்தி தலையை நீட்டினாள். தலை பாதி நரைத்திருந்தது.

"யாரு, லாபிர் சேரா? நல்லா சதை போட்டுட்டீங்களே."

"அங்கம்மா! என்ன இந்த நேரத்தில?"

"வேற எந்த நேரத்துல சேர் போறது?" என்று சிரித்தாள். "உங்களுக்குத்தான் எண்ணுற வேலை நல்லா வருமே. ஏறி வாங்க. நம்ம மடுவத்து ஆளுங்க எத்தன பேருன்னு எண்ணிக்கிட்டுப் போங்க."

மிச்சப் பேர் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏரோப்பிளேன் ஏறிப் போனவர்களை அவளே ஒவ்வொருவராகச் சொல்லியிருப்பாள். மிதிபலகையில் ஒரு காலை வைத்து உள்ளே பார்த்தேன். பாதிப் பேர் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கொண்டக்டர் மணி அடிக்கும்வரை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

பதினொரு பேர்.