முற்றத்துத் தண்ணீர்

குமரவேலுக்கு டெல்லியில் விருது கிடைத்த செய்தி வந்தபோது, கார்த்திகேசன் வண்ணார்பேட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கழிப்பறையை எந்த மூலையில் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டிருந்தார்கள். பழைய மாணவர்களின் சாதனைகளைச் சொல்லி ஒரு மலர் வரப்போகிறதாம். அதில் முதல் பக்கம் குமரவேலுக்காம். கீழே கைதட்டும் பொம்மைகள் சரம் சரமாக விழுந்தன. கார்த்திகேசனும் தன் பங்குக்கு ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

இரண்டு பேரும் சென்னையில் ஐந்து வருடம் ஒரே வகுப்பில் கட்டடக்கலை படித்தவர்கள். மதிப்பெண்ணில் எப்போதும் கார்த்திகேசன்தான் முதல். ஆனால் மார்க்கை வைத்து நாக்கு வழிக்கவா முடியும்? படிப்பு முடிந்ததும் அவன் திருநெல்வேலிக்கே திரும்பி வந்து, பாளையங்கோட்டைப் பக்கமும் டவுனிலும் வீடு வீடாகக் கட்டிக் கொடுத்தான். ஒரு வீடும் ஒழுகியதில்லை, ஒரு சுவரும் விரிந்ததில்லை. பிழைப்புக்கு ஒரு குறையும் இல்லை. என்ன, அவன் கட்டிய வீட்டின் முன்னால் காரை நிறுத்தி இறங்கி யாரும் வாயைப் பிளந்து பார்த்ததில்லை. குமரவேல் கட்டிய பெண்கள் விடுதியையும் நூலகத்தையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். படம் எடுக்கிறார்கள், பத்திரிகையில் எழுதுகிறார்கள். பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துண்டைத் தேடி நாக்கு போகிற மாதிரி, கார்த்திகேசனின் நினைப்பு நாளுக்கு நான்கு தடவை அங்கே போய் வந்தது.

இது இத்தோடு நின்றிருந்தால் கதையே இல்லை. கார்த்திகேசனின் அப்பா, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சேரன்மகாதேவியில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுவீடு கட்டுவது என்று முடிவு செய்தார். பெற்ற மகன் கட்டடம் கட்டுகிறவன். வேறு யோசனைக்கு இடமே இல்லை என்று கார்த்திகேசன் நினைத்திருந்தான். மனசுக்குள் இரண்டு மாதிரி படம்கூட வரைந்து பார்த்துவிட்டான். மகன் செய்ததை ஒரு தடவையாவது நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லாத மனிதர், அவன் கட்டிய வீட்டில் குடியிருந்தாலாவது சொல்லுவார் என்று ஓர் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே அப்பா சொன்னார், "படத்தைக் குமரவேல் போடட்டும்லே. நீ கூட நின்னு கட்டு."

கார்த்திகேசன் முகத்தில் ஈயாடவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினான். அன்று மத்தியானம் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊரான் புகழ்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; பெற்றவரே அடுத்தவன் கதவைத் தட்டினால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

குமரவேல் சித்திரையில் வந்தான். வந்தவன் கெட்டவனாக இருந்திருந்தால் கார்த்திகேசனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ கார்த்திகேசனின் அம்மா வடிவம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழங்கால் வலி எப்போது கூடுகிறது, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அதற்குத் தக்கபடி படம் போட்டான். வாசலில் படி கிடையாது, மெல்லச் சரிந்து ஏறும் தரை. நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்துக்கும் அறைகளுக்கும் நடுவே அம்மா காலைத் தூக்கி வைக்கத் தேவையில்லாத அளவுக்கு ஓர் அங்குல இறக்கம்தான். முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் மண்ணுக்கடியில் ஒரு குழாய் வழியாக வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் போய்ச் சேரும். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, இவன் என் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியவன் என்றாள். பிறந்தவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

கார்த்திகேசன் அந்தப் படத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், பேன் பார்ப்பதுபோல் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். மூன்றாம் நாள் அவன் கண்ணில் அது பட்டது. குழாய்.

குமரவேல் கோவில்பட்டிக்காரன், வாய்க்கால் பழக்கமில்லாத கரிசல் காட்டுப் பிள்ளை. அவன் அளவெடுக்க வந்த சித்திரையில் வாய்க்காலை அடைத்துத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். அடியில் பொடிமண் பறந்தது. அந்தக் காய்ந்த வாய்க்காலைப் பார்த்து அவன் குழாயின் வாயை மட்டம் பிடித்திருந்தான். கார்த்திகேசனோ அதே வாய்க்காலில் குதித்து நீச்சல் படித்தவன். கார்த்திகை மாதம் தண்ணீர் எந்தக் கல்லைத் தொடும் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான். குமரவேல் வைத்த மட்டத்தில் குழாய் பதித்தால், முற்றத்துத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாது. வாய்க்கால் தண்ணீர் முற்றத்துக்கு வரும்.

குழாயைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டால் முடிந்தது. அரை நாள் வேலை. வேறு யார் வீடாக இருந்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் திருப்பியிருப்பான். அதிலும் குமரவேல் கிளம்பும்போதே, "உள்ளூர்க்காரன் நீ. எதுவும் சரியில்லன்னு பட்டா நீயே மாத்திரு, என்கிட்ட கேக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். எனக்கு இவன் அதிகாரம் கொடுக்கிறானாக்கும் என்று அன்றைக்கே கார்த்திகேசனுக்குச் சுருக்கென்றது.

அவன் மாற்றவில்லை. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்று நினைக்கிற ஜாதி ஒன்று உலகத்தில் உண்டு. தானும் அதில் ஒருத்தன் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

அடுத்து வந்த பங்குனியில் கொத்தனார் பலவேசம் குழாய் பதித்தார். படத்தில் இருந்தது இருந்தபடி. வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா வந்து நின்றார். அவருக்கு மட்டமும் தெரியாது, படமும் புரியாது. மூடப்போகிற பள்ளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ பாத்துட்டேல்லா?"

"பாத்துட்டேன்ப்பா."

அப்பா மூடச் சொல்லிவிட்டுப் போனார். அவன் பள்ளத்தை இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் பலவேசத்துக்குத் தலையாட்டினான்.

ஆவணியில் பால் காய்ப்பு. வந்த கூட்டமெல்லாம் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தது. அப்பா குமரவேலுக்குப் பொன்னாடை போர்த்தி, விரலில் மோதிரம் போட்டார். வீட்டைக் கட்டியவருக்குச் செய்கிற மரியாதை அது. வீட்டுப் பிள்ளைக்கு யார் மோதிரம் போடுவார்கள்? கார்த்திகேசன் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றான். ஏரலில் இருந்து வந்த அத்தை ஒருத்தி இலையில் இருந்து நிமிர்ந்து, இந்த வீட்டில் நீ என்னய்யா செய்தாய் என்று கேட்டாள். கூட நின்றேன் என்றான். இன்னொரு கரண்டி சாம்பார் விடவா என்றும் கேட்டான்.

அதற்கப்புறம் அவன் மழைக்குக் காத்திருந்தான். ஆற்றுப் பாசனத்து ஊரெல்லாம் நெல்லுக்காக வானத்தைப் பார்த்தபோது, அவன் ஒருத்தன் மட்டும் வேறு கணக்கில் பார்த்தான். பெரிதாக ஒன்றும் ஆகாது, முற்றத்தில் கணுக்கால் தண்ணீர் நிற்கும், டெல்லி விருதுக்காரனின் மானம் கொஞ்சம் கப்பலேறும், நான் போய் அரை நாளில் சரிசெய்வேன், அப்பா பார்ப்பார். அவன் போட்டுவைத்த திட்டம் இவ்வளவுதான்.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மணிமுத்தாறு அணையிலும் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாய்க்கால் கரை தட்டியது. குழாய் வழியாக ஏறிய தண்ணீர் முற்றத்தில் நிற்கவில்லை. நடுவில் இருந்தது ஓர் அங்குல இறக்கம்தானே? கூடம், அடுக்களை, படுக்கையறை என்று சத்தமில்லாமல் பரவிவிட்டது. விடிகாலையில் பால் வாங்க எழுந்த வடிவம்மாள் கட்டிலைவிட்டுக் காலை வைத்தாள்; வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு விரிந்துவிட்டது.

சேதி கேட்டதும் கார்த்திகேசனுக்குப் பகீரென்றது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான், மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்தான். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான். அதெல்லாம் உண்மை. ஆனால் மனசு இருக்கிறதே, அது ஒரே நேரத்தில் இரண்டு கடையில் வியாபாரம் செய்யும். குமரவேலுக்குப் போன் போட்டு, "நீ போட்ட வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு வே, அம்மா வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னபோது, அந்த 'நீ போட்ட' என்பதை அவன் அழுத்தித்தான் சொன்னான்.

மறுநாளே குமரவேல் வந்து நின்றான். வாய்க்காலில் தண்ணீர் இறங்கியிருந்தது. வீட்டுக்குள் சேறு. அப்பா, எதிர்வீட்டு ஐயம்பெருமாள் அண்ணாச்சி, கார்த்திகேசன் மூன்று பேரும் வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குமரவேல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் போய்க் குழாயின் வாயைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்த்தான். திரும்பி வந்து அப்பாவின் முன்னால் நின்றான்.

"தப்பு என்னோடதுதான்ப்பா. கோடையில வந்து பாத்துட்டு மட்டம் வச்சுட்டேன். ஊர்ல ஒருத்தர்கிட்ட கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாங்க. கேக்காம விட்டது என் திமிரு. இதைச் சரிபண்ணிக் கொடுத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

பிறகு வடிவம்மாளின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கார்த்திகேசன் இதை எதிர்பார்க்கவில்லை. குமரவேல் சாக்குச் சொல்லுவான், சிமெண்டைச் சொல்லுவான், மழையைச் சொல்லுவான் என்றுதான் நினைத்திருந்தான். அப்பா குமரவேலின் தோளைத் தட்டி, மனுஷன் என்றால் தப்பு வரத்தான் செய்யும் என்றார். அம்மா கட்டில்லாத கையால் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஐயம்பெருமாள் அண்ணாச்சி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, இவ்வளவு பேர் எடுத்த ஆள் தப்பைத் தப்பென்று ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று வியந்தார். வீட்டுக்குள் தண்ணீர் விட்டவனுக்கு விருது கொடுக்காத குறைதான். அப்புறம் அண்ணாச்சி பரிதாபமாகக் கார்த்திகேசன் பக்கம் திரும்பினார்.

"நம்ம கார்த்திக்கும் புடிபடலயே. வாய்க்கால்லயே கிடந்த பய. பாவம், அவனும் என்ன செய்வான், அவனுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

அம்புட்டுதான்! அந்த வார்த்தையை அவனால் விழுங்க முடியவில்லை. மனச்சாட்சி குத்தி வாய் திறந்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றான் கார்த்திகேசன். "கார்த்திகையில தண்ணி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? படத்தைப் பாத்த மூணாம் நாளே தெரியும். குழா பதிக்கும்போதும் தெரியும், தண்ணி எதிர்த்து ஏறும்னு."

சொல்லிவிட்டு அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்க்கவில்லை. குமரவேலின் முகத்தைத்தான் பார்த்தான். உன் தப்பை நான் கண்டுபிடித்துவிட்டேன் பார் என்று.

குமரவேல் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவனைக் கட்டிக்கொண்டான். "பாத்தீங்களா அண்ணாச்சி? என் மேல பழி வரக்கூடாதுன்னு அவன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதான். காலேஜ்லயும் இப்படித்தான்" என்றான். அண்ணாச்சி உச்சுக்கொட்டினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு சிநேகிதம் யாருக்கு வாய்க்கும் என்றாள்.

அப்பா மறுபடி குனிந்தார். குமரவேலும் அண்ணாச்சியும் குழாயைத் திருப்புவதற்கு இடம் பார்க்கத் தெருப்பக்கம் போகும்வரை சேற்றை வழித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அவன் என்ன படம் போட்டாலும் நீ கூட நிக்கேல்லான்னுதான்லே நான் நிம்மதியா உறங்கினேன்" என்றார். குரல் உயரவில்லை. "உனக்குத் தெரியலன்னே நான் நினைச்சுட்டுப் போயிருப்பேன். அப்படியே விட்டிருக்கலாம்லா நீ."

கார்த்திகேசன் கையில் இருந்த வாளியை அப்பா வாங்கிக்கொண்டு, அடுத்த அறைக்குள் போனார்.