வெள்ளைக்குக் கொழும்பு, சிவப்புக்கு அமெரிக்கா

சர்மிளாவுக்காக வாங்கிய கேக்கை நிலக்ஷிக்காகச் சாப்பிட்டார்கள். அன்று பிடித்த எரிச்சல் சர்மிளாவுக்கு இன்னும் அடங்கவில்லை.

மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்துப் பிள்ளைகள் இருவரும். ஒரே வகுப்பில் படித்து ஏ.எல். பரீட்சை எழுதினார்கள். கொழும்பில் வணிக முகாமைத்துவம் படிக்க இருவருக்கும் இடம் கிடைத்தது. சர்மிளாவின் அப்பா டவுனிலிருந்து கேக் வாங்கி வந்து அக்கம்பக்கத்தாரை அழைத்தார். வெட்டுகிற நேரம் பார்த்து நிலக்ஷியின் போனுக்கு அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பெயர்பெற்ற பல்கலைக்கழகம்; செலவு முழுவதும் அவர்களுடையது. சர்மிளா கத்தியும் கையுமாக நிற்க, கூட்டம் மொத்தமும் அந்தப் போனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது.

அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே இப்படித்தான். சர்மிளா எந்தப் படியை எட்டினாலும் அதற்கு மேல்படியில் நிலக்ஷி உட்கார்ந்திருப்பாள். அதுவும் சிரித்துக்கொண்டே, "வாடி" என்று கையை நீட்டுவாள். கை நீட்டாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கொழும்புப் படிப்பு எல்லோருக்கும் விளங்கியது. முடித்தால் வங்கி, கம்பெனி, சம்பளம். அமெரிக்கப் படிப்புதான் யாருக்கும் பிடிபடவில்லை. இலக்கியம், வரலாறு, விஞ்ஞானம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்கு எது என்று பிறகு முடிவு செய்யலாம் என்றாள் நிலக்ஷி.

"அப்ப முடிச்சு வந்தா நீ யாரு? டொக்டரா, டீச்சரா?" என்று கேட்டார் அவள் அப்பா வீரபத்திரன்.

"அதைக் கண்டுபிடிக்கத்தாம்பா போறது."

"அதுக்கு ஏன் அம்மாந்தூரம்? இங்கனயே தேடிப் பாரு."

லயமே சிரித்தது. சர்மிளா எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள்.

சனிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைப் பூசையில் மாரியம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பது என்று வீரபத்திரன் தீர்மானித்தார். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை ரோசா, மற்றதில் சிவப்பு. அம்மன் முன்னால் வைத்து நிலக்ஷி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கொழும்பு, சிவப்பு வந்தால் அமெரிக்கா. அதற்குமேல் பேச்சில்லை. வீட்டு ஆள் பொட்டலம் கட்டக்கூடாது என்பதால், சர்மிளா கட்டட்டும் என்று நிலக்ஷியே சொல்லிவிட்டாள்.

கோயிலுக்குப் பின்னால் ரோசாச் செடிகளருகே சர்மிளா தனியாக நின்றபோது, நிலக்ஷியின் அம்மா தனலெட்சுமி வேகமாக வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளையே வச்சிரு தாயி. கடல் தாண்டிப் போனா எம்புள்ள திரும்பி வராது. ஒங்கூடக் கொழும்புக்கு வரட்டும். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருங்க."

"அம்மன் கோவிச்சுக்காதா அத்த?"

"அவளும் பொம்பளதான். வெளங்கும்."

கேக் வெட்டிய நாளிலிருந்து சர்மிளா வேண்டியது இதைத்தான். நிலக்ஷியின் அமெரிக்காவைப் பிடுங்கிவிடலாம். பாவமும் பாதி தனலெட்சுமிக்குப் போய்விடும். சட்டென்று இரண்டு வெள்ளைப் பூக்களைப் பறித்தாள்.

அப்போதுதான் 'ஒரே ரூம்' என்ற சொல் உறைத்தது. ஒரே அறை, ஒரே விரிவுரை. பரீட்சைப் பெறுபேறு வரும்போது மேலே நிலக்ஷி, கீழே சர்மிளா. அமெரிக்காவையே வேண்டாம் என்று வந்த பெண் என்று கொழும்பும் நிலக்ஷியையே கொண்டாடும். வேண்டாம். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கே போய்த் தொலையட்டும். கொழும்பாவது தனக்கே தனக்கென்று மிஞ்சட்டும்.

வெள்ளைப் பூக்களைச் செடிக்குள் வீசிவிட்டு, இரண்டு சிவப்பைக் கிள்ளி மடித்து நூல் சுற்றினாள்.

பூசாரி அழகுமுத்து மணியடித்தார். நிலக்ஷி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. கூட்டம் கைதட்டியது. தனலெட்சுமி சர்மிளாவைப் பார்த்தாள். அவள் எதைச் சொல்லிக் கேட்பாள்?

நிலக்ஷி மற்றப் பொட்டலத்தைக் கொண்டுவந்து சர்மிளாவின் கையில் வைத்தாள்.

"இது வெள்ளை. ஒன்னோட கொழும்பு. புடிடி."

"பிரிச்சுத் தலையில வச்சுக்கம்மா, அம்மன் குடுத்தது" என்றார் வீரபத்திரன்.

வாழ்க்கையில் முதல்முறையாக, நிலக்ஷியை விட்டுவிட்டு எல்லோரும் சர்மிளாவைப் பார்த்தார்கள். அவள் விரல்கள் நூலின் மேல் அப்படியே நின்றன.

"சாமி பூவ இங்க பிரிக்கக் கூடாது" என்று குறுக்கே வந்தாள் தனலெட்சுமி. "வீட்டுக்குக் கொண்டுபோயி வெளக்குகிட்ட வைக்கட்டும்."

அப்படியொரு வழக்கத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அழகுமுத்து, தானே அதைச் சொல்ல இருந்ததுபோலத் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் தனலெட்சுமி சர்மிளாவை நிறுத்தினாள்.

"அதுவும் செவப்புதானே?"

சர்மிளா பொட்டலத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நான் பெத்தவ. என் சொகத்தைப் பாத்தேன். நீ அவ படிப்பைப் பாத்திருக்க. ஒன் மனசு எனக்கு வரல தாயி." சொல்லிவிட்டு அழுதாள்.

இல்லை என்று சொல்ல அப்போது நேரமிருந்தது. சர்மிளா சொல்லவில்லை. முன்னால் போன கூட்டத்தின் நடுவிலிருந்து நிலக்ஷி திரும்பி, "வாடி" என்று கையை நீட்டினாள்.

மறுநாள் பதில் போனது. வீரபத்திரன் கேக் வாங்கி வந்தார். தனலெட்சுமி முதல் துண்டைச் சர்மிளாவின் வாயில்தான் வைத்தாள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. சர்மிளா மென்றாள். அப்பா வாங்கியதைவிட இது பெரிய கேக். ருசியும் கூடத்தான்.