குழாயில் போட்ட முடிச்சு

சிவகிரி மலையடிவாரத்து ஊற்றில் குளிக்க வருகிறவர்களுக்காக, அழுத்தினால் ஏழு நொடி ஓடித் தானாக நிற்கும் குழாய்களை வேல்விழி பொருத்தியிருந்தாள். ஊற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது சோலார் மோட்டார். மிச்ச ஊற்றுநீர் கீழே மான்கள் குடிக்கும் குட்டைக்குப் போக வேண்டும். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் குட்டை காய்ந்து கிடந்தது. குழாய்களை நிற்கவிடாமல் யாரோ நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விசைத்தறியில் அறுந்த நூலை இணைக்கப் போடும் முடிச்சு அது. சங்கரன்கோவிலில் அவள் தெருவே போடுகிற முடிச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து நின்றாள். கட்டிய குழாயடியில், தலை நிறையச் சீயக்காயோடு அவளுடைய அண்ணன் சங்கரபாண்டி.

"கைய எடுத்தா ஏழு நொடில நின்னுருது. தேய்க்க ரெண்டு கையும் வேணும்லா" என்றான்.

அவள் தொட்டியின் வால்வை அடைத்தாள்.

"ஏட்டி, கண்ணு எரியுது. தெறந்து விடு."

"முடிச்ச அவுறு, தெறக்கேன்."

"கத்தரியாவது குடு."

பையில் கத்தரி இருந்தது. "நீ போட்டதுதான, நீயே அவுறு" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு அவன் நகத்தால் முடிச்சைத் தேடினான். பக்கத்துக் குழாய்களில் நின்றவர்கள் சத்தமில்லாமல் தங்கள் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.